தாம்பரத்தில் ‘அது’ இருக்கா?

அக்கா தொலைபேசியில் அழுதாள். யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“உங்க மச்சான் பிரியாணில காரம் இல்லடா, காதரு” என்றாள்.

சிங்கப்பூரில் ஒன்பதாவது மாடியில் நின்றுகொண்டு இதைக் கேட்கிற யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. அக்கா புருஷன் ஹபீப் மச்சான் மேற்குத் தாம்பரத்தில் பிரியாணி மாஸ்டர். கல்யாணமோ கடை திறப்போ, முடிச்சூர் ரோட்டிலிருந்து படப்பை வரைக்கும் அவருடைய தேக்சாதான் அடுப்பேறும். அவர் கைப் பிரியாணியைச் சாப்பிட்டு மூக்கைச் சிந்தாத மாப்பிள்ளை அந்தப் பக்கத்தில் கிடையாது. அப்பேர்ப்பட்டவரிடம் தொடர்ந்து மூன்று கல்யாண வீட்டுக்காரர்கள், “பாய், பத்தியச் சாப்பாடா போட்டீங்க?” என்று கேட்டுவிட்டார்களாம்.

“வாயில என்னமோ கீதுடா. முழுசாத் தொறக்க மாட்டேங்கிறாரு. ரசம் பட்டாலே கண்ணுல தண்ணி வருது. டாக்டர்கிட்ட வான்னா ஊரு கூடற மாதிரி சண்ட. நீ வந்து சொன்னாக் கேப்பாரு.”

அக்கா பிறந்தது சிங்கப்பூரில். கட்டிக்கொடுத்து முப்பது வருடத்தில் அவளுடைய தமிழ் முழுக்கத் தாம்பரமாகிவிட்டது. மச்சான் என் பேச்சைக் கேட்பார் என்பது அவளுடைய நம்பிக்கை. எனக்குத் தெரிந்து அவர் என் பேச்சைக் கேட்டது இரண்டு தடவை. இரண்டுமே “இன்னும் கொஞ்சம் வைங்க மச்சான்” என்று நான் தட்டை நீட்டியபோது. ஆனாலும் கிளம்பினேன். நான் பள்ளிக்கூடத்தில் ஒழுங்கைக் கவனிக்கும் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் சூயிங்கம் விற்கக்கூடாது. வகுப்பில் எவனாவது மென்றுகொண்டிருந்தால் பிடிப்பது என் வேலை. “வாயைத் திற” என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். இந்தக் காரியத்துக்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடைக்கமாட்டான் என்று ஒரு கர்வமும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மீனம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, “பல்லாவரம் பாலத்தாண்ட ஒரே பேஜாரு சார்” என்றார். நான் பஜார் என்று புரிந்துகொண்டு, அங்கே என்ன விற்கிறார்கள் என்று கேட்டேன். வண்டி நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகுதான் பேஜார் என்றால் என்னவென்று விளங்கியது. “உங்க ஊர்ல ரோட்ல துப்புனா ஃபைனாமே, மெய்யாலுமா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “சூப்பர் சார். இங்கயும் அந்த மாதிரி வரணும்” என்று சொல்லிவிட்டு, வெளியே எட்டித் துப்பினார்.

அன்று மத்தியானம் அக்கா வீட்டில் பிரியாணி. மணம் தெருமுனைக்கே வந்து என்னை வரவேற்றது. நெய், பட்டை, பொரிந்த வெங்காயம், எதிலும் குறையில்லை. வாயில் வைத்தால் காரம் மட்டும் இல்லை. தாலிச்சாவும் அப்படியே, கத்தரிக்காயும் அப்படியே. ஆஸ்பத்திரியில் தாராளமாகக் கொடுக்கலாம்.

மச்சான் கறியை நூல் நூலாகப் பிய்த்து, தபால் பெட்டியில் கடிதம் போடுகிற மாதிரி உதட்டு இடுக்கில் போட்டுக்கொண்டிருந்தார். பேசும்போதும் பல் விலகவில்லை. சாதாரணமாக நலம் விசாரித்தாலே ஏதோ ரகசியம் சொல்கிற மாதிரி இருந்தது.

“காரம் சரியா கீதா மச்சான்?”

அக்கா என்னைப் பார்த்தாள். பொய் சொன்ன பிள்ளைகளையெல்லாம் முட்டி போட வைத்தவன் நான். “சரியா இருக்கு மச்சான்” என்றேன்.

எங்கள் குடும்பத்தில் அக்கா புருஷனும் மச்சான்தான், மனைவியின் தம்பியும் மச்சான்தான். ஆகவே நானும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வோம். தாம்பரத்தில் ஆட்டோக்காரரும் மச்சான்தான் என்பது வேறு விஷயம்.

புதன்கிழமை காலையில் ஒரு தப்புக் காரியம் செய்யக் கிளம்பினேன். முப்பது வருடமாக மற்றவர்கள் வாயிலிருந்து பிடுங்கிய சூயிங்கத்தை ஒரு தடவைகூட நான் மென்றதில்லை. இங்கே அதற்குத் தடை இல்லை, தெரிந்தவர்களும் கிடையாது. தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போய், ஷாம்பு வாங்க வந்த இரண்டு பெண்கள் நகரும் வரை வாழைப்பழத்தை விலை கேட்கிற மாதிரி நின்றேன்.

“இன்னா சார் வோணும்?”

சூயிங்கம் என்ற வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “அண்ணா, அது இருக்கா? வாயில போட்டு மெல்றது” என்றேன்.

கடைக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “யாரு வூட்டுக்கு வந்துகிறீங்க?”

“ஹபீப் பாய் வீட்டுக்கு.”

“பாய் வூடா! மொதல்லயே சொல்றதில்ல?” என்று முகம் மலர்ந்து, ப்ளீச்சிங் பவுடர் டப்பாவுக்குள் கைவிட்டு, காகிதத்தில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் அழுத்தினார். “பாய்க்கு வயக்கமாப் போறதுதான். கேட்டாச் சொல்லுங்க, நேத்து போலீஸ் வந்துச்சு, அதான் நான் எடுத்தாறல.”

சூயிங்கத்துக்கு இங்கேயும் போலீஸா என்று ஆச்சரியமாக இருந்தது. அதைவிட, இந்த வயதில் மச்சானுக்கு இப்படி ஒரு சின்னப்பிள்ளை ஆசையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து, அக்கா தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பொட்டலத்தை மச்சானிடம் நீட்டினேன். “உங்களுக்கும் சேத்து வாங்கினேன் மச்சான். நீங்க வழக்கமா மெல்றதுதான்னு கடைக்காரர் சொன்னார்.”

அக்கா ஊற்றிக்கொண்டிருந்த தேநீர் கோப்பையைத் தாண்டித் தட்டில் கொட்டியது.

அது மாவா. பாக்குத் தூளையும் புகையிலையையும் சுண்ணாம்பு விட்டுத் தேய்த்துக் கொடுப்பது. கன்னத்தில் அடக்கிக்கொண்டால் உச்சந்தலை கிறுகிறுக்குமாம். தமிழ்நாட்டில் விற்பனைக்குத் தடை. மச்சான் அதை விட்டு இரண்டு வருடமாகிறது என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். “எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்களே!” என்று அவள் ஆரம்பித்தபோது, மச்சான் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, “இதுல சுண்ணாம்பு ஜாஸ்தி” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். தன் வாயாலேயே கெட்டது தவளை மட்டுமில்லை. நான் போய்ச் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினேன்.

அன்று முழுக்க வீட்டில் வழக்கு நடந்தது. தொழில் காரணமாக நான் அரசுத் தரப்பில் உட்கார்ந்தேன்.

“தடை பண்ண பொருளை வாங்கறது குற்றம் மச்சான்.”

“தடைக்கு முன்னாடி இது கட வாசல்ல சரஞ்சரமாத் தொங்கும். இப்ப ப்ளீச்சிங் பவுடர் டப்பால கீது. அவ்ளோதான் வித்தியாசம்” என்றார் மச்சான், பல்லைத் திறக்காமல். “நல்ல மன்சன், முக்குக் கடக்காரன், அவனத் திருடனாக்கிட்டானுங்க. நான் பொய்யனாயிட்டேன். தொறந்து வுட்டுட்டா அவன் எதுக்குப் போலீசப் பாத்து ஓடறான், நான் எதுக்கு உங்கக்காகிட்ட பொய் சொல்றேன்? குத்தம் தன்னால கொறையும்.”

“அப்ப கஞ்சாவையும் தொறந்து விட்டுரலாமா?”

“உடு. அவனவன் வாய், அவனவன் இஷ்டம்.”

“எங்க ஊரைப் பாருங்க மச்சான். சட்டம் கடுமை. அதனால ஒழுங்கு.”

“உங்க ஊரா?” மச்சான் எழுந்தே நின்றுவிட்டார். “நோம்புக்கு ஆச ஆசையா குருமா மசாலா அரைச்சு குடுத்தனுப்புனேன். அதுல கசகசா கீதுன்னு நீ ஏர்போர்ட்டுலயே குப்பைல போட்டுட்டுப் போன. குருமால போடற கசகசா உங்க ஊர்ல கஞ்சா மாதிரி! இவன் சட்டத்தப் பத்திப் பேச வந்துட்டான்.”

அது நடந்தது உண்மை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு மடியில் கசகசா. எங்கள் ஊர்ச் சட்டத்துக்குப் பயந்து, மச்சான் கை மசாலாவை மீனம்பாக்கத்துக் குப்பைத் தொட்டியில் போட்டபோது எனக்கு அழுகையே வந்தது. அதை இப்போது சொன்னால் கட்சி பலவீனமாகிவிடும் என்று சும்மா இருந்தேன்.

அக்கா மட்டும் ஒன்றே ஒன்று சொன்னாள். “சட்டம் எப்படியோ போவட்டும். வாயத் தொறந்து காட்டுங்க, போதும்.” மச்சான் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். பாங்கு சொல்ல இன்னும் அரை மணி இருந்தது.

வியாழக்கிழமை என்னைச் சமாதானப்படுத்துவதாகச் சொல்லி, மீன் வாங்கக் கோவளத்துக்கு அழைத்துப்போனார். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். பேருந்து கேளம்பாக்கம் தாண்டி ஒரு வளைவில் திரும்பும்போது, மச்சான் கன்னத்தில் அடக்கி வைத்திருந்ததை வெளியே துப்பினார். எப்போது வாங்கினார், எங்கே ஒளித்திருந்தார் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். அந்தச் சமயம் பார்த்துப் பேருந்தை ஒட்டி ஒருவர் பைக்கில் வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பெட்ரோல் டேங்க் மேல் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. மகள் கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறவர் போல.

பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டார். பேருந்து நின்றது. நடத்துநர் விசில் அடித்தபடி எங்கள் பக்கம் வந்து, “எவன்யா துப்புனது? மரியாதையா எறங்கு” என்றார்.

எத்தனை வகுப்பறைகளில் நான் இதே கேள்வியைக் கேட்டிருப்பேன்! பதில் தெரியும் என்ற தெம்பில் கையைக் கட்டிக்கொண்டு கேட்பேன். மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு வாயில் இன்னும் பாதி இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. வெள்ளைத் தொப்பியோடு, நரைத்த தாடியோடு, பேருந்து முழுக்கப் பார்க்க, மாட்டிக்கொண்ட மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை.

“நான்தான்” என்று கையைத் தூக்கினேன்.

இறக்கிவிட்டார்கள். மச்சானும் கூடவே இறங்கினார். வெள்ளைச் சட்டைக்காரர் என்னைத் திட்டியதை மொழிபெயர்த்தால் அச்சேறாது. நான் சிங்கப்பூர்க்காரன், ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டதும் அவர் திட்டுவதை நிறுத்தினார். “அங்க அவ்ளோ ஸ்ட்ரிக்டாமே. அதான் இங்க வந்து ஆச தீரத் துப்பறியா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

மிச்ச தூரத்தை நடந்தோம். கோவளத்தில் படகுகள் கரையேறி, மணலில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. வஞ்சிரம் வாங்கி அங்கேயே ஒரு வறுவல் கடையில் வறுக்கக் கொடுத்தோம். மிளகாய்த் தூள் தடவிய துண்டை மச்சான் கழுவித்தான் சாப்பிட்டார். மீனைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “உன்ன நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்டேன். எந்த டாக்டருன்னு சொல்லு மச்சான், வரேன்.”

முப்பது வருட ஒழுங்கு நடவடிக்கையில் எனக்குக் கிடைத்த பெரிய வெற்றி, நானே தண்டனை வாங்கியதால் கிடைத்தது.

சனிக்கிழமை பொத்தேரியில் ஒரு பல் மருத்துவரைப் பார்க்க மின்சார ரயிலில் கிளம்பினோம். எதிர் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் கையில் தாள்களோடு விவாதப் போட்டிக்குப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ‘போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்க வேண்டும்’ என்பது தலைப்பு. கண்ணாடி போட்ட பெண் ஆதரவு. குட்டையான பெண் எதிர்ப்பு. யாரோ வேண்டுமென்றே அனுப்பி வைத்தது மாதிரி இருந்தது.

“அரசாங்கமே தரம் பார்த்து வித்தா, கடத்தறவனுக்கும் ரவுடிக்கும் என்ன வேலை? கலப்படத்தால சாகறது குறையும். என் உடம்புக்கு நல்லது கெட்டது நான்தானே முடிவு பண்ணணும்?” என்றது கண்ணாடி.

“பாப்பா சூப்பராப் பேசுது!” என்று மச்சான் தொடையில் தட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. குட்டைப் பெண்ணிடம், “கிடைக்கிறது சுலபமானா புதுசா எத்தனை பேர் தொடுவாங்க? கேளும்மா அதை” என்று எடுத்துக் கொடுத்தேன். “தேங்க்ஸ் அங்கிள்” என்று அவள் எழுதிக்கொண்டாள். பெருங்களத்தூர் வருவதற்குள் பெட்டி இரண்டாகப் பிரிந்துவிட்டது. வண்டலூரில் ஏறிய ஒரு வங்கி ஊழியர், என்ன தலைப்பு என்றுகூடக் கேட்காமல், “ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு” என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார்.

ஊரப்பாக்கம் தாண்டியதும், கூடையோடு கதவோரம் உட்கார்ந்திருந்த கொய்யாப்பழக்கார அம்மா எழுந்து வந்தார். “இன்னாத்துக்கு இம்மாம் சத்தம்? எம் புருசன் கவர்மெண்டு கடைல வாங்கிக் குடிச்சுதான் செத்தான். அது சட்டப்படி. எந் தம்பி கஞ்சா கேசுல உள்ள கீறான். அது சட்டப்படி தப்பு. ரெண்டு குடும்பத்துக்கும் நாந்தான் கொய்யா வித்துகினு கீறேன். உங்கள்ல யாரு ஜெயிச்சா எனக்கு இன்னா? பழம் வோணுமா, வோணாவா?”

எல்லோரும் வாங்கினோம். குட்டைப் பெண், “இந்தப் பாயின்ட் எந்தப் பக்கத்துலடி வரும்?” என்று தோழியிடம் கேட்டாள். தோழிக்குத் தெரியவில்லை. மச்சான் தன் பழத்தைக் கடிக்க முயன்று, முடியாமல், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததில் பொத்தேரி போய்க் காட்டாங்கொளத்தூர் வந்துவிட்டது. போட்டிக்குப் போகவேண்டிய பெண்களும் எங்களோடு இறங்கி அலறினார்கள். நால்வரும் ஒரு ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தோம். 

மாணவர்கள் மெஸ் ஒன்றுக்கு மாடியில் கிளினிக். மருத்துவர் இளம் பெண். “வாயத் திறங்க பாய்” என்றார். அடுத்த நாற்காலியில் இருந்த நான் பழக்க தோஷத்தில் முன்னால் குனிந்தேன்.

மச்சான் திறந்தார். கொஞ்சம்தான் திறந்தது.

“மூணு விரல நெட்டுக்குத்தா மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவுல வைங்க. சாதாரணமா எல்லாருக்கும் போகும்.” மருத்துவர் தன் வாயில் வைத்துக் காட்டினார். நானும் வைத்துப் பார்த்தேன், போயிற்று. மச்சான் மூன்றை வைத்தார், இரண்டை வைத்தார். ஒன்றரை விரல்தான் போயிற்று. அந்தப் பாதி விரலை உள்ளே தள்ள அவர் படாத பாடு பட்டார். எனக்குச் சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பயமாக இருந்தது.

“கன்னத்து உள்தோல் இறுகிப் போச்சு. காரம் எரியறதும் அதனாலதான். இப்போதைக்குக் கேன்சர் மாதிரி தெரியல. டெஸ்டுக்கு எடுத்துப் பாத்துடலாம். ஆனா அந்தப் பக்கம் போற ரயில்ல தாம்பரத்துலயே ஏறிட்டீங்க பாய். எங்க இறங்கறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.”

 மச்சான் பேரம் பேசுகிற குரலில், “மாவாவ வுட்டுடறேம்மா. வெறும் பாக்கு மட்டும் போட்டுக்கலாமா? அது தடை கெடயாதே” என்றார்.

“பாய், வாயை இறுக்கறதே பாக்குதான். புகையிலை அது கூடச் சேர்ந்து கெடுக்கும். கடையில கூவி விக்கறாங்களா, டப்பாவுல ஒளிச்சு விக்கறாங்களா, அதெல்லாம் உங்க வாய்க்குத் தெரியாது.”

நானும் மச்சானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாலு நாள் வழக்காடியிருக்கிறோம். தடை, சுதந்திரம், சிங்கப்பூர், கஞ்சா, கசகசா எல்லாம் வந்தது. பாக்கின் பேரை இரண்டு கட்சியும் எடுக்கவில்லை. என் நிக்காஹ் அன்று வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் நானே பாக்குத் தட்டை நீட்டியிருக்கிறேன்.

பாக்கை விட்டால் வாய் இதற்குமேல் இறுகாது. பயிற்சி செய்தால் கொஞ்சம் திறக்கும். பழையபடி முழுதாக வராது என்றார் மருத்துவர். பயிற்சிக்கு ஐஸ்கிரீம் குச்சிகள். மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவில் அடுக்கி வைத்து, சில நாளுக்கு ஒன்று கூட்ட வேண்டும். டெஸ்டுக்குக் கன்னத்து உள்தோலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த எட்டு நாள் அந்த வீட்டில் இருந்ததற்கு எனக்கு மெடல் கொடுக்கலாம். மச்சான் குக்கர் விசிலோடு சண்டை போட்டார். அடுத்த வீட்டுப் பூனையைப் பெயர் சொல்லித் திட்டினார். வாயில் குச்சிகளோடு இருந்ததால் என்ன திட்டு என்று பூனைக்கும் புரியவில்லை. டெஸ்டில் கேன்சர் இல்லை என்று வந்த அன்று அக்கா இரண்டு ரக்அத் தொழுதாள். மச்சான் அன்றுதான் அதிகமாகச் சிடுசிடுத்தார். முக்குக் கடைக்காரர் என்னைப் பார்த்தால், “பாய்க்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று நிஜமான அக்கறையோடு விசாரிப்பார். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படப்பையில் ஒரு நிக்காஹ். பெண்ணின் வாப்பா ஜமால் பாய் இரும்பு வியாபாரி. அந்தப் பக்கத்துப் பெரிய கை. இதில் காரம் தப்பினால் மச்சானுக்கு இனி ஆர்டர் வராது. மாஸ்டர் வாய் போய்விட்டது என்று தெரிந்தாலும் வராது. ஆகவே விடியற்காலையிலேயே அக்காவை மண்டபத்துப் பின்பக்கம் கூட்டிவந்து, அடுப்போரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். கேட்டவர்களிடம், தம்பி வந்திருக்கிறான், அதனால் கூட வந்தாள் என்று சொன்னோம்.

மச்சான் கரண்டியில் மசாலா எடுத்து நீட்டுவார். அக்கா நக்கிப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். அவர் மிளகாய்த் தூளை அள்ளுவார். மறுபடி கரண்டி. மறுபடி தலையாட்டல். நாலாவது தடவை அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. “இப்ப சரி” என்றாள். மச்சான் அரிசியைக் கொட்டி, மூடி, மேலே நெருப்பை அள்ளிப் போட்டு தம் கட்டினார்.

முதல் பந்தியிலேயே மாப்பிள்ளை மூக்கைச் சிந்தினார். பின்பக்கம் வரைக்கும் கேட்டது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

இரண்டாம் பந்தி நடக்கும்போது ஜமால் பாயே தட்டோடு வந்தார். பின்னால் அவருடைய சம்பந்தி, தம்பிமார், நாலைந்து பேர். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மாஸ்டருக்கு வீட்டுக்காரர் தன் கையால் தாம்பூலம் கொடுப்பது பெரிய மரியாதை. வெள்ளித் தட்டில் வெற்றிலை, குவியலாகச் சீவல். ஜமால் பாய் வாயிலும் சீவல் அரைபட்டுக்கொண்டிருந்தது. “பாய், அந்தக் காலத்துக் காரம்! எடுங்க” என்றார்.

மச்சான் கை தானாக நீண்டது. தட்டுக்கு மேலே போய் நின்றது. வெறும் பாக்கு. போலீஸ் வராது. ஒளிக்க வேண்டாம். மரியாதைக்குரிய மனிதர் மரியாதையாக நீட்டுகிறார்.

அவர் என் பக்கம் திரும்பினார். “இதையாச்சும் தடை பண்ணியிருக்கக் கூடாதா மச்சான்?” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

எனக்குக் கை துறுதுறுத்தது. எத்தனை பிள்ளைகளிடமிருந்து எத்தனையைப் பிடுங்கியிருக்கிறேன்! தட்டை ஒரு தட்டு தட்டினால் தீர்ந்தது. தட்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அக்காவும் நாற்காலியை விட்டு எழவில்லை.

மச்சான் தட்டின் விளிம்பை ஒரு விரலால் மெல்லத் தள்ளினார். “வோணாம் பாய்.”

ஜமால் பாய் முகம் கறுத்தது. தாம்பூலத்தை மறுப்பதென்றால் சண்டை என்று அர்த்தம். “என்ன பாய், எங்க மேல ஏதாவது மனசுல வருத்தமா?” என்று கேட்டார். பின்னால் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம், நோன்பு, வயிற்றுவலி என்று. மச்சானுக்குப் பொய் சொல்ல வரும் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கைலியில் கையைத் துடைத்தார். “வருத்தம்லாம் இல்ல. வாய் மூடிகிச்சு பாய். இத்தத் தின்னுதான். காரம் பட்டாலே எரியுது, இன்னிக்கு ருசி பாத்தது எம் பொண்டாட்டி” என்றார். பிறகு எல்லோருக்கும் நடுவில் வாயைத் திறந்து, விரல்களை நெட்டுக்குத்தாக வைத்துக் காட்டினார். “நல்ல வாய்னா மூணு வெரல் போவணும். எனக்கு இவ்ளோதான் போவுது.”

 மச்சானின் தொழில் போயிற்று என்று நான் நினைத்தேன். அப்போது சம்பந்தி மெதுவாகத் தன் வாயைத் திறந்து மூன்று விரலை வைத்துப் பார்த்தார். போயிற்று. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஜமால் பாயின் தம்பி வைத்துப் பார்த்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணீரோடு வைத்துப் பார்த்தார்கள். பரிமாற வாளியோடு வந்த இரண்டு பேர், என்ன ஏது என்று தெரியாமலேயே வைத்துப் பார்த்தார்கள். புதுச் சட்டையும் அத்தருமாக ஒரு கல்யாண வீடே வாயில் விரலை விட்டுக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜமால் பாய் மென்றுகொண்டிருந்ததை ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார். எல்லோரும் சிரித்ததால் அவரும் சிரித்துக்கொண்டே மூன்று விரலை வாயில் வைத்தார். எடுத்தார். விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்புறம் அவர் சிரிக்கவில்லை. தட்டைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, மச்சான் பக்கத்தில் வந்து, பல் விலகாமல் கேட்டார்:

“எந்த டாக்டரு பாய்?”